சிகாமணி முதலாளியைத் தொடர்ந்த கைதட்டல்

நீர்காத்தான்பேட்டை நகராட்சி தன்னுடைய தொண்ணூற்றெட்டாம் ஆண்டு விழாவில் 'நகர் போற்றும் வணிகர்' விருதைச் சிகாமணி ஜவுளி மாளிகையின் முதலாளிக்கு வழங்கிய அன்று, மாலை நாலே முக்காலுக்குத் தொடங்கிய கைதட்டல் அதற்குப் பிறகு ஏழு மாதம் ஓயவில்லை.

எங்கள் நகராட்சிக்குக் குடிநீர்ப் பிரிவு, வரிப் பிரிவு, சுகாதாரப் பிரிவு இருப்பதுபோலப் பாராட்டுப் பிரிவு என்றும் ஒன்று உண்டு. அதற்கு ஓர் எழுத்தர், ஓர் இரும்பு பீரோ, பீரோ நிறையப் பொன்னாடைகள். வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பிரிவு விழித்துக்கொண்டு, முதலில் வரி கட்டியவரையும், சாக்கடையை மூடி வைத்த உணவகத்தையும், வாசலில் தண்ணீர்ப் பந்தல் போட்டவரையும் தேடிப் பிடித்துப் போற்றும். போற்றப்படுகிறவருக்குச் சால்வையும் கேடயமும் போதும் என்று நினைக்கிறவர்கள் விழா நடத்தி அறியாதவர்கள். கை தட்ட ஆள் வேண்டும். அதற்காகவே மகளிர் சுயஉதவிக் குழு ஒவ்வொன்றும் பத்துப் பத்துப் பேரை ஒரே நிறச் சேலையில் அனுப்ப வேண்டும் என்பது வாய்மொழி உத்தரவு. பத்தில் ஒருவர் குறைந்தாலும் அந்தக் குழுவின் மனு மேசையில் தூங்கும். மேடைக்கு இடப்புறம் சமுதாய அமைப்பாளர் ஹேமாவதி ஒரு வெள்ளைக் கைக்குட்டையோடு நிற்பார். கைக்குட்டை உயர்ந்தால் தட்ட வேண்டும், இறங்கினால் நிறுத்த வேண்டும், மாவட்டத்திலேயே எங்கள் ஊர்க் கைதட்டல்தான் ஒழுங்கானது என்று ஆணையர்கள் மாற்றலாகிப் போகும்போதெல்லாம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்த மாலையில் மூன்றாவது வரிசையில், அப்பளம் இடும் குழுவின் பத்தாவது ஆளாகப் பவுனு உட்கார்ந்திருந்தாள். வேனில் ஏறும்போது யாருக்கு விருது என்று அவளுக்குத் தெரியாது, சொல்லக் கூடாது என்று குழுவில் முடிவெடுத்திருந்தார்கள். மேடையில் பெயரை வாசித்தபோதுதான் தெரிந்தது. எட்டு மாதத்துக்கு முன், தீபாவளிக் கூட்ட நேரத்தில், அந்த ஜவுளி மாளிகையின் மூன்றாம் மாடிச் சரக்கறையில் புகை சூழ்ந்து செத்துப்போன மேகலா அவளுடைய மகள். இருபத்து மூன்று வயது. பட்டுப் பிரிவில் விற்பனைப் பெண். சரக்கறையின் இரும்புக் கதவுக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் தாழ்ப்பாள் உண்டு என்பதும், சேலை திருட்டுப் போகிறது என்று முதலாளி சரக்கு எண்ணப் போகிற பெண்களை உள்ளே விட்டு வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார் என்பதும் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் நகர்மன்றத்தின் விசாரணை அறிக்கை, பதினோராம் பக்கம் மூன்றாம் பத்தியில், 'மேற்படி பணியாளர் அனுமதியின்றிச் சரக்கறைக்குச் சென்று, அலைபேசியில் உரையாடும் பொருட்டுக் கதவை உட்புறமாகத் தாழிட்டுக்கொண்டதே விபத்துக்குக் காரணம்' என்று சொன்னது. இருபத்தேழு உறுப்பினர்களும் தலைவியும் மேசையைத் தட்டி அதை ஏற்றுக் கையெழுத்திட்டார்கள். யாரோடு பேசினாளாம் என்று நாங்கள் கொஞ்ச நாள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். பிறகு பொங்கலுக்கு அதே கடையில் துணி எடுத்தோம்.

பொன்னாடை போர்த்தியாயிற்று, கைக்குட்டை உயர்ந்தது, முந்நூறு பெண்கள் தட்டினார்கள். பவுனு தட்டவில்லை. ஹேமாவதி உயர்த்திய கையை இறக்காமலே வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்து அவள் காதருகே குனிந்தார்.

"பவுனக்கா, எல்லாரும் தட்டுறாங்கல்ல. நீங்க மட்டும் கைய மடியில வச்சிக்கிட்டிருந்தா மேடையிலேருந்து பாக்க எப்படி இருக்கும்?"

"எப்படி இருக்கும்?"

"போட்டோ எடுக்குறாங்கக்கா. எனக்கு உங்க கஷ்டம் தெரியாமலா? ரெண்டு நிமிஷம். கைதான, என்ன தேஞ்சா போயிடும்?"

"தட்டணுங்கிறீங்களா மேடம்?"

"தட்டுங்கக்கா."

"எதுவரைக்கும்?"

"நான் கர்ச்சீப்ப எறக்குற வரைக்கும்."

பவுனு எழுந்து நின்று தட்டினாள். முப்பது வருடம் உளுந்து மாவை இடித்துத் தட்டையாக்கிய உள்ளங்கைகள் அவை, பலகையோடு பலகை மோதுகிற ஓசை. கண் இமைக்காமல் அவள் மேடையைப் பார்த்துத் தட்டத் தட்ட, சுற்றியிருந்த பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கைகளை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துத் தலைவி போட்டோவுக்குக் கூப்பிட, ஹேமாவதி கைக்குட்டையை இறக்க மறந்து அப்படியே கைப்பைக்குள் திணித்துக்கொண்டு மேடைக்கு ஓடினார். பவுனு ஒரு கட்டத்தில் கையை நிறுத்தினாள், எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தை வாங்காமல் வேனில் போய் உட்கார்ந்தாள். கைதட்டல் நிற்கவில்லை.

ஒலிபெருக்கிக்காரர் முதலில் தன் கருவியைத் திட்டினார், மின் இணைப்பைப் பிடுங்கினார். கைதட்டல் மேடையிலிருந்து படியிறங்கி, சிகாமணி முதலாளியோடு காரில் ஏறி, கண்ணாடி ஏற்றிய பிறகும் உள்ளேயிருந்து கேட்டபடி கடைவீதியைக் கடந்து போயிற்று. வீட்டு வாசலில் அவர் மனைவி விசாலம் ஆரத்தி எடுத்தாள், அதற்கும் தட்டியது. அவர் கால் கழுவினார், தட்டியது. இலை முன் உட்கார்ந்து முதல் கவளத்தை விழுங்கினார், அரங்கமே எழுந்து நின்றதுபோலத் தட்டியது.

ஒரு வாரத்தில் ஊர் அதற்குப் பழகிவிட்டது. காலை ஐந்தரைக்கு மேலத்தெருவில் கைதட்டல் எழுந்தால் முதலாளி கண் விழித்துவிட்டார் என்று பொருள், பால்காரர் அதைக் கேட்டுத்தான் சைக்கிளை மிதித்தார். ஆறேகாலுக்கு இன்னொன்று, அது குளியலறை. ஒன்பதரைக்குக் கைதட்டல் தேரடியைத் தாண்டினால் பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிப்பார்கள், ஒன்றே காலுக்கு அது திரும்பி வீட்டுக்குப் போனால் வங்கியில் உணவு இடைவேளை. முதலாளிக்கும் தொடக்கத்தில் அது பெருமையாகவே இருந்தது. ஊர் பார்க்கப் பெற்ற பாராட்டு கலையாமல் கூடவே வருவது யாருக்குக் கிடைக்கும் என்று கல்லாவில் உட்கார்ந்தபடி சொல்லிக்கொண்டார். வெளியூர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து அவரைச் சுற்றி நின்று கேட்டார்கள், கேட்ட கையோடு நாலு சேலை எடுத்தார்கள். 'ஓயாத கைதட்டல், ஓயாத தள்ளுபடி' என்று வாசலில் பதாகை கட்டினார்கள்.

பதாகை வெளுக்கத் தொடங்கியபோதுதான் தொல்லைகள் தெரிந்தன. கல்லாவில் பேரம் பேச முடியவில்லை, வாடிக்கையாளர்கள் விலையைத் துண்டுச் சீட்டில் எழுதி நீட்ட வேண்டியிருந்தது. கோயிலில் அவர் கும்பிட்டுக் கண் மூடினால் அர்ச்சகர் சொல்கிற பெயரும் நட்சத்திரமும் கைதட்டலில் மூழ்கின. சம்பந்தி இறந்த வீட்டில் மாலையோடு தலை குனிந்து நுழைந்தார். அழுதுகொண்டிருந்த பெண்களின் நடுவே, கிடத்தியிருந்த உடலின் தலைமாட்டில், கைதட்டல் பொழிந்தது. சம்பந்தியின் மூத்த மகன் அவரைத் தோளைப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, காதருகே வாயை வைத்து, "மாமா, தப்பா நெனைக்காதீங்க, இனிமே நல்லது கெட்டதுக்கு அத்தைய மட்டும் அனுப்புங்க" என்றான். அதற்குப் பிறகு அழைப்பிதழ்கள் விசாலத்தின் பெயருக்கு மட்டும் வந்தன.

ஆனால் விசாலம் எங்கும் போகவில்லை. அந்தப் பெண் செத்த நாளிலிருந்தே அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டவள், இப்போது பேசினாலும் கேட்காது என்பதால் அறவே விட்டுவிட்டாள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கொல்லைப்புற அறையில் படுத்தாள், பஞ்சைத் தாண்டியும் கேட்டது. அவளைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அவள் கண்ணுக்குக் கீழே இரண்டு பிடி நிழல் விழுந்திருப்பதாகச் சொன்னார்கள்.

கைதட்டலை நிறுத்த ஊர் செய்து பார்க்காதது இல்லை. ஹேமாவதியைக் கூட்டிவந்து, விழா நடந்த அதே மைதானத்தில், அதே இடத்தில் நிற்கவைத்து, கைக்குட்டையை முறைப்படி உயர்த்தி முறைப்படி இறக்கச் சொன்னார்கள். அவர் பதினெட்டு முறை இறக்கினார். மறுநாள் தோள்பட்டை வீங்கி விடுப்பில் போனதுதான் மிச்சம். காது மருத்துவர் முதலாளியின் காதைப் பார்த்துவிட்டு, பழுது இவர் காதில் இல்லை, நமக்கெல்லாம் கேட்கிறதே என்று எழுதிக் கொடுத்தார்.

நாலாம் மாதத்தில் முதலாளி ஒன்றைக் கண்டுபிடித்தார். சரக்கறையைப் புதுப்பித்துக் கரியைச் சுரண்டி வெள்ளையடித்து, பழைய கதவுக்குப் பதில் அதே போன்ற இரும்புக் கதவு போட்டிருந்தார்கள், பார்வையிட அவர் மூன்றாம் மாடிக்கு ஏறினார். உள்ளே காலை வைத்துக் கதவை ஒருக்களித்ததும் கைதட்டல் வாசலிலேயே நின்றுவிட்டது. கதவைச் சாத்திப் பிடித்தால் சுத்தமாகக் கேட்கவில்லை. நாலு மாதத்தில் முதல்முறையாகத் தன் மூச்சு தனக்குக் கேட்க, அவர் தரையில் உட்கார்ந்து குழந்தைபோல அழுதார். அன்று முதல் மதிய உணவு அங்கே போயிற்று, பிறகு கணக்கேடுகள், பிறகு பாயும் தலையணையும். கையை எடுத்தால் கதவு தானாகத் திறந்துகொள்ளும், உட்புறம் தாழ்ப்பாள் கிடையாது என்பதால், இரண்டு துணி மூட்டைகளைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு ஊரின் முதல் பணக்காரர் அந்த ஜன்னலில்லாத அறையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். மேலே போய்ச் சாப்பாட்டை வைத்துவிட்டு வருகிற பணியாளர்கள் கீழே வந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஐந்தாம் மாதம் நகர்மன்றம் கூடியது. விருதைக் கொடுத்தது மன்றம், ஆகவே அதைத் திரும்பப் பெற்றால் கைதட்டலும் திரும்பிவிடும் என்பது தலைவியின் யோசனை, அதாவது தலைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்காகப் பேசுகிற அவர் கணவரின் யோசனை. தீர்மானம் வாசிக்கப்பட்டது, இருபத்தேழு பேரும் வழக்கம்போல மேசையைத் தட்டினார்கள். தட்டிவிட்டுக் கையை எடுத்தார்கள், ஓசை அடங்கவில்லை. அது ஒவ்வொருவர் பின்னாலும் பிரிந்து அவரவர் வார்டுக்குப் போனது. மறுநாள் விடியும்போது நீர்காத்தான்பேட்டையில் இருபத்தொன்பது கைதட்டல்கள் இருந்தன. தலைவியின் பின்னால் ஒன்று போனது, எல்லாம் தானே செய்வதாகச் சொல்லித் திரிந்த அவர் கணவர் பின்னால் எதுவும் போகவில்லை. கைதட்டல் கையெழுத்தைப் பார்த்துத்தான் போகிறது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அந்த மனிதருக்கு அது பெரிய அவமானமாகிவிட்டது.

எந்தக் கையெழுத்து என்று அப்போதுதான் எங்களுக்கும் உறைத்தது.

ஹேமாவதியைப் பவுனுவிடம் அனுப்பினார்கள். பவுனு முற்றத்தில் உட்கார்ந்து மாவு உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னைக்கு நான் கட்டாயப்படுத்துனது தப்புதான்."

"தப்பென்ன மேடம். தட்டச் சொன்னீங்க, தட்டுனேன்."

"இப்ப நிறுத்தச் சொல்லி வந்திருக்கேன்."

"என் கைய பாருங்க. மாவுல இருக்கு."

ஹேமாவதி அந்தக் கைகளைப் பார்த்தார். "மனசுல இருக்குல்லக்கா. அத விட்டுடுங்க. இந்த வருஷம் 'சிறந்த அன்னை'ன்னு ஒரு விருது புதுசா போடலாம்னு தலைவி சொல்றாங்க. உங்களுக்குத்தான். நானே முன்னால நின்னு கர்ச்சீப்ப தூக்குறேன்."

பவுனு உருண்டையைப் பலகையில் வைத்து ஒரே தட்டில் தட்டையாக்கினாள். "எம் பொண்ண பூட்டி வச்சுக் கொன்னதுக்கு எனக்குப் பட்டமா? நல்லா இருக்கு. சால்வ என்ன நெறம்?"

"அக்கா..."

"பதினோராம் பக்கம், மூணாவது பத்தி. எட்டாவது வரைக்கும்தான் படிச்சேன், அந்தப் பத்திய மட்டும் மனப்பாடமா சொல்லுவேன். உள்ள தாழ்ப்பாளே இல்லாத கதவ எம் பொண்ணு உள்பக்கமா தாழ் போட்டாளாம். யார்கிட்டயோ போன்ல கொஞ்சிக்கிட்டிருந்தாளாம். அவ போன கல்லாவுல வாங்கி வச்சிக்கிட்டுத்தான் மேல அனுப்புவாங்க, அது உங்களுக்கும் தெரியும். அத அடிச்சிட்டு நடந்தத எழுதச் சொல்லுங்க. அந்தாளு வாயால சொல்லணும், இவங்க கையால எழுதணும்."

"எழுதிட்டா நின்னுடுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் நிறுத்துறேன்னு சொல்லல மேடம். எழுதச் சொல்றேன். எழுதாட்டி, இந்த ஊரு சாகுற வரைக்கும் கேக்கட்டும். எனக்கொண்ணும் அவசரம் இல்ல. எனக்கு எழவு வீட்டுக்குப் போகணுமா, கல்யாணத்துக்குப் போகணுமா?"

இரண்டு மாதம் மன்றம் இழுத்துப் பார்த்தது. அறிக்கையைத் திருத்தினால் தாங்களே பொய் சொன்னதாக ஆகும் என்று ஆணையர் பயந்தார். அவர் குடியிருந்தது தலைவியின் அடுத்த வீட்டில், அவர் பிள்ளைகள் படிக்க முடியாமல் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மூன்றாம் வார்டு உறுப்பினருக்குப் பிரசவமானது, குழந்தை பிறந்த கணத்திலிருந்து தொட்டிலுக்கு மேலே தட்டல் ஓயவில்லை, அந்தப் பெண்தான் முதலில் உடைந்து, எழுதித் தொலையுங்கள் என்று மன்றத்தில் நோட்டை வீசினார். முதலாளியும் இறங்கி வந்தார். சிறப்புக் கூட்டம் போட்டு அவரை நிற்கவைத்தார்கள். அவர் வாயைத் திறந்ததும் இருபத்தொன்பது கைதட்டல்களும் ஒன்றாகச் சேர்ந்து சுவர்போல எழுந்தன, உதடு அசைந்ததுதான் தெரிந்தது. எழுதிக் கொடுக்கிறேன் என்று சைகை காட்டினார். வாக்குமூலம் மன்றத்தின் முன் வாயால் சொல்லப்பட்டு, காதால் கேட்கப்பட்டு, அப்புறம்தான் எழுதப்பட வேண்டும் என்பது விதி, விதியை ஆணையர் பலகையில் எழுதிக் காட்டினார்.

கைதட்டல் நுழையாத இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

மார்கழி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை பதினோரு மணிக்கு, நகர்மன்றத்தின் சிறப்புக் கூட்டம் சிகாமணி ஜவுளி மாளிகையின் மூன்றாம் மாடிச் சரக்கறையில் கூடியது. எங்களில் நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் கடைவீதியில் நின்றோம். உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் கைதட்டலோடு படியேறிப் போனார்கள், வாசலில் தங்கள் கைதட்டலை விட்டுவிட்டு உள்ளே நுழைந்தார்கள். நாற்காலி போடவோ கதவுக்கு மூட்டை முட்டுக் கொடுக்கவோ இடமில்லை, அலமாரிகளுக்கு நடுவே நெருக்கியடித்து நின்றார்கள். கதவு தானாகத் திறந்து திறந்து ஓசையை உள்ளே விட்டது. உட்புறம் பிடித்து நிற்கத் தாழ்ப்பாள் இல்லை, வெளியே யாராவது பூட்ட வேண்டும். பணியாளர்களைக் கூப்பிட்டார்கள். பட்டுப் பிரிவுப் பெண்கள் அத்தனை பேரும் படியில்தான் நின்றார்கள், ஒருத்திகூடக் கை நீட்டவில்லை.

"நான் பூட்டுறேன்," என்றாள் அவர்களுக்குப் பின்னால் நின்ற பவுனு.

ஓசையில் கேட்கவில்லை, ஆனால் அவள் நீட்டிய கை புரிந்தது. சிகாமணி முதலாளி இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தார். கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது, பூட்டு பூட்டிக்கொண்டது. படியிலும் வீதியிலும் காத்திருந்த கைதட்டல்கள் அந்த நொடியில் நின்றன. ஏழு மாதத்தில் முதல்முறையாகத் தேரடியில் புறாக்கள் முனகுவது எங்களுக்குக் கேட்டது.

உள்ளே ஒரே குரல் நெடுநேரம் பேசியது. பிறகு கதவின் கீழ் இடுக்கு வழியாக ஒரு தாள் வெளியே வந்தது. பவுனு படியில் உட்கார்ந்து, விரலை வரியில் வைத்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். கதவு வெளிப்புறம் பூட்டப்பட்டிருந்தது என்றிருந்தது. அவள் தாளைத் திருப்பித் தள்ளினாள்.

"பூட்டு நடந்து வந்து தானா பூட்டிக்கிச்சா? யாருன்னு எழுதுங்க."

கொஞ்ச நேரத்தில் இரண்டாவது தாள் வந்தது. யார் பூட்டினார் என்று அதில் இருந்தது, சாவி யாரிடம் இருந்தது என்பதும் இருந்தது. "கேட்டுச் சாவி வர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு இதுல இல்லையே," என்றாள் பவுனு.

"அது சரியா ஞாபகம் இல்லைன்னு சொல்றாரும்மா," என்று ஆணையரின் குரல் வந்தது.

அப்போதுதான் விசாலம் படியேறி வந்தாள். அவள் வீட்டை விட்டு வெளியே வந்து நாங்கள் பார்த்து மாதக்கணக்காகிறது. பட்டுப் பிரிவுப் பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். காதிலிருந்த பஞ்சை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, மூடிய இரும்புக் கதவைப் பார்த்து அவள் பேசினாள்.

"எனக்கு ஞாபகம் இருக்குங்க. இலையில ஒக்காந்திருந்தீங்க. போன நான்தான் எடுத்தேன். மேல பொகையா வருது, பொண்ணு கதவத் தட்டுது, சாவி வேணும்னு கடையிலேருந்து சொன்னாங்க. சொன்னேன். 'அதுங்களுக்கு எப்பப் பாரு கூப்பாடு, நீ ரசத்த ஊத்து'ன்னீங்க. ஊத்துனேன். மோரும் ஊத்துனேன். நீங்க கை கழுவிட்டு வெத்தல போட்டுக்கிட்டு எந்திரிச்சிங்க. கடைக்கு வந்து கதவத் திறக்க இருபத்திரண்டு நிமிஷம் ஆயிருந்துச்சு. செவுத்துக் கடிகாரத்த நான் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லாம பாத்துக்கிட்டே இருந்தேன். அதையும் எழுதச் சொல்லுங்க."

மூன்றாவது தாள் வரக் கால்மணி நேரம் ஆனது. பவுனு அதை எழுந்து நின்று படியிலிருந்து உரக்கப் படித்தாள், வீதியில் இருந்த எங்களுக்கு ஒரு பெண் சொல்லிச் சொல்லி அனுப்பினாள். மேகலா முதலாளியின் உத்தரவின் பேரில் சரக்கறைக்குச் சென்றாள். முதலாளி வெளியே பூட்டினார். அவளிடம் அலைபேசி இல்லை. சாவி கேட்கப்பட்டது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அவர் மனைவி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு நிமிடம் கழித்துக் கதவு திறக்கப்பட்டது. முந்தைய அறிக்கை பொய் என்று தெரிந்தே ஏற்கப்பட்டது. கீழே இருபத்தொன்பது கையெழுத்து.

நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். கையெழுத்துப் போட எங்களுக்கு இடம் விட்டிருந்தால் போட்டிருக்க வேண்டியவர்கள்தான் நாங்களும்.

பவுனு தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். ஊரில் ஓசை திரும்பவில்லை. புறாக்கள் பறந்துபோய்த் திரும்பி வந்து உட்கார்ந்தன.

உள்ளேயிருந்து ஆணையர் மரியாதையாகக் கதவைத் தட்டினார். "எழுதியாச்சும்மா. தொறக்கலாம்."

பவுனு திறக்கவில்லை. சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மேல்படியில் உட்கார்ந்தாள். கொஞ்சம் பொறுத்துத் தலைவியின் குரல் கேட்டது, பிறகு உறுப்பினர்களின் குரல்கள், பிறகு குரல்கள் கலைந்து கைகள் தட்டத் தொடங்கின. ஒரு கை, பத்துக் கை, உள்ளிருந்த அத்தனை கைகளும் இரும்பில் உள்ளங்கையை விரித்து அடிக்கிற ஓசை மாடிப்படி வழியாக வீதிக்கு இறங்கி வந்தது. நாங்கள் அண்ணாந்து பார்த்தபடி அதைக் கேட்டோம். ஏழு மாதம் எங்களோடு இருந்த ஓசைக்கும் இதற்கும் எங்களுக்கு வேறுபாடு தெரியவில்லை. விழா மேடையில் தொடங்கியது கைதட்டலே இல்லை என்று ஹேமாவதிதான் முதலில் முணுமுணுத்தார், முகத்தை அந்த வெள்ளைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். திறந்துவிடு என்று வீதியிலிருந்து ஒருவரும் சொல்லவில்லை.

சாவியை விசாலத்திடம் நீட்டினாள் பவுனு. "என் வேலை முடிஞ்சிதும்மா. உள்ள இருக்கிறது உங்க வீட்டுக்காரரு. நீங்க திறக்கணும்னா திறங்க."

விசாலம் சாவியை வாங்கிக்கொண்டாள். கதவுப் பக்கம் திரும்பினாள். தன் பெயரைச் சொல்லி அழைக்கிற குரல் அந்தத் தட்டல்களுக்கு நடுவே அவளுக்குத் தெளிவாகக் கேட்டிருக்கும்.

"பூட்டி எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அது ஆச்சு ஒரு மணி நேரத்துக்கு மேல. எழுதுன நேரத்தக் கணக்குல சேக்கக் கூடாதும்மா. அவங்க தட்டத் தொடங்கி ஒரு பத்து நிமிஷம் இருக்கும்."

விசாலம் சேலையை ஒதுக்கிக்கொண்டு படியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னும் பன்னெண்டு இருக்கு," என்றாள்.